அடுப்புக்குள்ளே நாலு குட்டி

தேவகி அப்பாவுக்கு,

பொங்கப் பானை வாங்க முதல் பஸ்ஸுல வில்லியனூர் போறேன். பழைய சோறு உறியில இருக்கு. கறுப்பிக்கும் கொஞ்சம் கஞ்சி ஊத்துங்க. வாசல்ல நெல் அவிக்கிற அடுப்பை மட்டும் பத்த வெச்சிடாதீங்க. நேத்து அவிச்ச சூட்டுக்கு அவளோட நாய்க்குட்டிங்க நாலும் அதுக்குள்ளதான் தூங்குது.

அவ குட்டி போட்ட அன்னைக்கு, "மார்கழிப் பனிக்கு ஒண்ணுகூடத் தங்காது, தங்கினா மீசைய எடுத்துடறேன்"னு தெருவே கேக்கச் சொன்னீங்களே! இன்னைக்குப் போகி. மார்கழி இன்னையோட முடியுது. நாலும் குத்துக்கல்லாட்டம் இருக்குது. பிளேடு கண்ணாடிகிட்ட வெச்சிருக்கேன்.

செங்கமலம்

எழுந்ததும் போகி கொளுத்தறப்ப, பழசுன்னு அடுப்பு வாயில இருக்கிற கோணிய எடுத்துப் போட்டுடாதீங்க. தெனம் விடியறதுக்குள்ள போய், குட்டிங்க மேல பனி படாம அத இழுத்து மூடிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து படுக்கறது யாருன்னு எனக்குத் தெரியும். போனாப் போவுது, ஒருபக்க மீசைய வெச்சிக்குங்க.