கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றாயே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் சரியில்லை. போனில் சொன்னால் அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று அப்பா இறங்கினார், ஒரு இடத்தில் ஒழுகியது இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். வாராவாரம் நீ வீடியோவில் வந்து குழந்தைகளுக்கு இது, இளசுகளுக்கு இது, பெரியவர்களுக்கு இது என்று புதுப் புத்தகங்களைச் சொல்கிறாய் இல்லையா, நம் குடியிருப்பின் படிப்பறைக்கு அதைக் கேட்டுத்தான் நான் வாங்கி அடுக்குகிறேன். யார் வந்தாலும் என் பொண்ணு சொன்ன புத்தகம் என்று பெருமையாக எடுத்துக் கொடுப்பேன். போன மாதம் மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் துப்பறியும் நாவலைத் திருப்பிக் கொடுத்தார். கொலைகாரன் யாரென்று கடைசிப் பக்கம் வரை தெரியாது என்றாயே, முதல் அத்தியாயத்திலேயே அவனே வந்து நான்தான் கொன்றேன் என்கிறானாம். உங்க பொண்ணு பின்னாலிருந்து படிச்சாங்களோ என்று சிரித்தார். உன்னை விட்டுக்கொடுக்காமல் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

தையல்காரம்மாவிடம் மழுப்ப முடியவில்லையடி. எதிர் வீட்டில் இருக்கிறாளே, அவளுடைய ஒரே மகன் பைக் விபத்தில் போனதைச் சொன்னபோது நீயும் அழுதாய். அதற்கப்புறம் அவள் மிஷினையே தொடவில்லை. தூக்கம் வரலக்கா, படிக்க ஏதாவது கொடுங்க என்று வந்து நின்றாள். நீ அந்த வாரம்தான் ஒரு குடும்ப நாவலைச் சொல்லியிருந்தாய், மனசுக்கு மருந்து, எந்த வயதினரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று. புத்தகக் கட்டைப் பிரித்ததும் அவள் கையில்தான் கொடுத்தேன். பாதிக் கதையில் அந்த வீட்டுப் பிள்ளை வண்டியில் அடிபட்டுச் சாகிறான், பக்கம் பக்கமாக, ரத்தமும் சதையுமாக. பிறகு நான் எடுத்துப் பார்த்தால் நீ பேசியது ஒரு வார்த்தை பிசகாமல் பின்னட்டையில் இருக்கிறது. அடிப்பாவி, அட்டையைப் பார்த்தா ஊருக்கெல்லாம் சொல்கிறாய்? எனக்கு ஆற்றாமையாக வருகிறது. வாரத்துக்குப் பத்துப் புத்தகம் யாரால் படிக்க முடியும், உனக்கே தோன்ற வேண்டாமா என்று அப்பா என்னைத்தான் கடிந்துகொள்கிறார், செல்ல மகளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

அவள் வந்து கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, "உங்க பொண்ணு இதைப் படிச்சிருக்க மாட்டாக்கா. படிச்சிருந்தா எனக்குக் கொடுக்க வேணாம்னு உங்ககிட்ட சொல்லியிருப்பா. என்ன வேலையோ பாவம், திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து படிப்பறைப் பக்கமே வருவதில்லை.

அவளுக்குக் கொடுக்க ஒரே ஒரு புத்தகம் அனுப்பு. புதுசு வேண்டாம். கடைசி வரி வரை நீ படித்தது, உன் கை பட்டுப் பட்டு ஓரம் மடங்கியது எதுவோ அதை அனுப்பு. அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் மறைக்காமல் அதையும் எழுது.

நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இன்னும் எவ்வளவோ வாயில் வருகிறது, அவள் திட்டாதீங்க என்று சொன்னதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா