நாற்றம் நின்ற பிறகு

அன்புள்ள மூக்கனுக்கு,

நலமா என்று கேட்கிற வரியை விட்டுவிடுகிறேன். உன் நலம் எனக்குத் தெரியும். டாக்டரிடம் போனில் பேசினேன். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் என்றேன். சொல்லிவிட்டார்.

காதருகே யாராவது படித்தால் ஒருவேளை உள்ளே போகலாம் என்று நர்ஸ் சொன்னாராம். அண்ணா, நீங்க ஏதாவது எழுதி அனுப்புங்க, நான் பேச வாயெடுத்தா அழுகைதான் வருது என்றாள் உன் வீட்டுக்காரி. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எழுதுகிறேன், அவ்வளவுதான். தங்கச்சி, திட்டு வரும் இடத்தில் முழுங்காமல் படி. நல்ல வார்த்தையாகப் படித்தால் நான் எழுதியது என்று இந்தக் கழுதை நம்பமாட்டான்.

முதலில் தொட்டி. கடற்பாசியைப் போட்டுக் காற்றுப் படாமல் மூடினால் எரிவாயு வரும் என்று முதலாளியிடம் நாம் இருவரும் வாய்ச்சவடால் அடித்துக் கட்டினோமே, அதேதான். பாசியின் கொழகொழப்பே நீளமான சர்க்கரைச் சங்கிலி. அதைக் கண்ணி கண்ணியாக வெட்டித் தின்னக் கிருமிகளைப் பழக்குவதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இப்போது கொட்டிக் கழுவு என்கிறார் முதலாளி. நான் இன்னும் கொட்டவில்லை. உன்னைப் படுக்கையில் தள்ளிவிட்டு அது பாட்டுக்கு ஜோராகக் கொப்பளிக்கிறது. பார்த்தால் வயிறு எரிகிறது.

அன்று நடந்ததைப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டேன். பழுப்புப் பாசி வராமல் தொட்டி பட்டினி கிடந்ததால் கிடைத்த சிவப்பைப் போட்டோம், ஞாபகமிருக்கிறதா? சிவப்பின் சங்கிலியில் எங்கே பார்த்தாலும் கந்தகம் தொங்குகிறது. கிருமிகளில் ஒரு கூட்டம் சங்கிலியை வெட்ட, கழன்று விழுந்த கந்தகத்தை இன்னொரு கூட்டம் பிடித்து விஷவாயு ஆக்கியிருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அதுதான்.

விஷவாயு அளக்கும் மீட்டர் பழுதுபார்க்கப் போயிருந்தது. மீட்டர் எதுக்குடா, என் மூக்கு இருக்கு என்றாய். அந்த மூக்கு முந்திச் சொல்லி மீட்டர் பிந்திச் சொல்லும் என்பதால்தானே உனக்கு இந்தப் பெயரே வைத்தேன். தொட்டிக்குக் கீழே பம்பு அறைக்கு இறங்கினாய். குடலைப் பிடுங்குதுடா என்று கத்தினாய். ஏறி வாடா எருமை என்று நானும் கத்தினேன். கொஞ்ச நேரத்தில், நின்னுடுச்சுடா, அடங்கிடுச்சு என்று சிரித்தாய். பாசி கழுவிக்கொண்டே நானும் சரி என்றேன்.

அடங்கவில்லையடா. உன் மூக்குதான் செத்துப்போயிருந்தது. அந்த வாயு ஏறினால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். இருவரும் படித்திருக்கிறோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். ஸ்டோர்காரர் நம் முதுகுக்குப் பின்னால் படிச்ச முட்டாளுங்க என்கிறார். சட்டையைப் பிடிக்கப் போனேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். மனுஷன் தப்பாக என்ன சொல்லிவிட்டார்?

உன் அம்மா போன் செய்தார். அவன் சாப்பிட்டானா தம்பி என்று என்னைக் கேட்கிறார். ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு இவ்வளவு தூரத்தில் இருக்கும் என்னைக் கேட்கிறார். குழாய் வழியாப் போகுதும்மா என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியும், நீதான் அந்த வேலையையெல்லாம் பார்த்துக்கொள்வாய்.

வியாழக்கிழமை மூச்சுக் குழாயை எடுத்துப் பார்ப்பார்களாம். தானாக இழுத்தால் உண்டு, இல்லையென்றால் மறுபடி மாட்டுவதில் பிரயோஜனமில்லை என்றார் டாக்டர். தங்கச்சியிடமும் சொல்லிவிட்டாராம். அதனால்தான் ஒளிக்காமல் எழுதுகிறேன். நம்பிக்கை வைக்காதே என்றும் என்னிடம் சொன்னார். வைக்கவில்லை. நான் கணக்குத் தெரிந்தவன்.

காற்றே ஆகாத கிருமிக் கூட்டத்தோடு இவ்வளவு நாள் குடித்தனம் நடத்தினோம். நீ அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் இல்லை. எழுந்து வா, வேலைக்கு வா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கண்ணைக்கூடத் திறக்க வேண்டாம். ஒரே ஒரு மூச்சு இழு. அடுத்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கச்சி, இந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படி. கொஞ்சம் சத்தமாக.

இப்படிக்கு,
உன் கூட்டாளி