கிண்ணம் இடது கைப் பக்கம்

என் வாயாடி அம்மாவுக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். நீ போன பிறகு வந்த முதல் திருநாள். அப்பாவைக் கைப்பிடித்து உன்னிடம் கூட்டி வந்தேனே, பார்த்தாயா? உன் தலைமாட்டில் நான் பேசிய பேச்சைக் கேட்டு, ‘இந்த ஊமைக்கோட்டானா இப்படிப் பேசுது’ என்று அசந்து போயிருப்பாய். இரு, முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் தம்பி அப்பாவை வில்லியனூருக்கு, தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். மறுவாரமே போன். “எக்கா, உங்கப்பா பண்ற கூத்த வந்து பாரு. அவ இன்னா கொழம்பு வெச்சாலும் தொடறதில்ல. வெறும் சோத்தத் தின்னுட்டு எழுந்து பூடறாரு. மருமவ கைச்சமையல் அவ்ளோ கசக்குதாமா?” பின்னால் அவன் பெண்டாட்டி அழுகிற சத்தம். அவளும் பாவம், விடியும் முன் ஆக்கி வைத்துவிட்டு வேலைக்கு பஸ் பிடிக்கிறவள். இப்படியே போனால் அந்த வீட்டில் அப்பா எத்தனை நாள் இருக்க முடியும்? எனக்குப் பயம் வந்துவிட்டது.

மதகடிப்பட்டில் என் வீட்டிலிருந்து மீன் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். சோறு போட்டு, பக்கத்தில் கிண்ணத்தில் குழம்பை வைத்தேன். உன் புருஷனுக்கு மூக்கு விடைத்தது. ஆனாலும் வெறும் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “எடது கைப் பக்கம் கிண்ணம் இருக்குதே, எடுத்து ஊத்திக்கினா இன்னா கொறஞ்சி பூடும்?” என்று கத்தினேன். உடனே கை நேராகக் கிண்ணத்துக்குப் போனது.

எனக்குச் சந்தேகம் தட்டியது. சத்தம் போடாமல் தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். தண்ணீருக்கு நீண்ட அவர் கை பழைய இடத்திலேயே தரையைத் தடவியது.

“எப்பா, கண்ணு தெரியலயா?”

தடவிய கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “ரொம்ப நாளாச்சிடி. உங்கம்மாதான் சொல்ல வாணாம்னா. தெரிஞ்சா பசங்க ஆளுக்கொண்ணா பங்கு போட்டுக்கும், நீ ஒரு வூட்ல நான் ஒரு வூட்லன்னு ஆயிடும்யான்னா.”

அடிப்பாவி! “தோ சோறு, ரசம் ஊத்தறேன்யா, சுடுது, பொரியல் ஓரமா கீது” என்று ஓயாமல் பேசினாயே, அதெல்லாம் இதற்குத்தானா? பூசை நடுவில் சாமியார் முறைக்க முறைக்க, “படி வருது, காலத் தூக்கு” என்று கிசுகிசுத்தாயே? நாங்கள் உனக்கு ரேடியோ என்று பேர் வைத்துச் சிரித்தோம். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய்.

உன் பயம் வீண் என்று அடித்துச் சொல்லத்தான் ஆசை. நம் தெருவிலேயே அப்படி அம்மாவை ஒருவன், அப்பாவை ஒருவன் என்று பிரித்துக்கொண்டு போனவர்களை நீ பார்த்திருக்கிறாய். நாங்கள் மட்டும் வேறு மாதிரி இருந்திருப்போமா? தெரியவில்லை அம்மா.

கண் டாக்டரிடம் காட்டினோம். நரம்பு கெட்டுவிட்டதாம், போன பார்வை வராதாம். மிச்சமிருக்கிற மங்கலைக் காப்பாற்றச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். ஆனால் சாப்பாட்டுச் சண்டை தீர்ந்தது. உன் மருமகள் எத்தனை அவசரமாக இருந்தாலும், “மாமா, சோறு நடுவுல, கிண்ணம் எடது கைப் பக்கம்” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறாள். இவர் உப்பு கம்மி, புளி ஜாஸ்தி என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதில் அவளுக்கு ஏக சந்தோஷம்.

நேற்று உன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வழக்கம்போல் வாய் திறக்காமல் நின்றேன். அப்பா என் கையை உலுக்கினார். “இன்னாடி உம்முனு நிக்கற? சொல்லு. உங்கம்மா எப்பிடி கீறா?”

சொன்னேன். சுண்ணாம்பு புதிதாக அடித்திருப்பதை, சாமந்தி மாலையை, நீலத்தில் எழுதிய உன் பேரை, காற்றில் சாய்கிற மெழுகுவர்த்தியை. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், “பக்கத்துல எடம் இருக்குதா?” என்றார்.

பார்த்தேன். “இருக்குதுப்பா. எடது கைப் பக்கம்.”

அந்த இடத்தை நோக்கி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அது அவருக்குத்தான் அம்மா, வேறு யாருக்கும் விடமாட்டோம். அவர் நிதானமாக வரட்டும். அதுவரை ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு கிண்ணத்தையும் நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். இது சத்தியம்.

இப்போது வாய் மூடாத,
உன் ஊமைக்கோட்டான் மூத்த மகள்.