வசனத்தில் இல்லாத சொல்

என்னங்க,

உங்கள் குறுஞ்செய்தி வந்தது. அந்த ஊரில் கிடங்கு வேலை பழகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால் கடிதம். உங்கள் சட்டைகளையெல்லாம் வெயிலில் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

இன்று டப்பிங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கதாநாயகனின் மனைவிக்கு நான் பேச வேண்டும். ஹெட்போனை மாட்டியதும் காதுக்குள் கதாநாயகனாக நீங்கள் பேசினீர்கள். உங்கள் பழைய பதிவுகளை வைத்துக் கம்ப்யூட்டரில் செய்த குரல். இனி அதுவே போதும் என்றுதானே உங்களை நிறுத்தினார்கள்.

"உன்னைப் பார்க்காம இருக்க முடியலடி" என்றது.

நீங்கள் என்னிடம் ஒருநாளும் சொல்லாதது. என் முறை வந்தபோது நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர், "என்னக்கா, வசனம் மறந்துபோச்சா?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி. இன்னொரு தடவை போடுங்க."

நாலைந்து தடவை போடச் சொன்னேன். அப்புறம்தான் அது யார் குரல் என்று அவருக்கு உறைத்தது. அதைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் அச்சு அசல் நீங்கள்தான். ஆனால் நீங்கள் பேசும்போது, நான் பதில் சொல்ல ஒரு நொடி விடுவீர்கள். அது விடவில்லை.

அவர் வந்ததும் பேசி முடித்தேன். நன்றாக வந்ததாம். கடைசியில் மட்டும், வசனத்தில் இல்லாத "வந்துடுங்க" என்ற சொல் வாய்தவறி விழுந்துவிட்டது.

அதை வெட்டிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி