மூன்று முறை உடைத்த அணை

டேய் மச்சான்,

உன் அம்மா உன்னுடைய ரப்பர் பூட்ஸை எனக்குத் தந்துவிட்டார். காலை விட்டதும் அந்தக் குளத்துச் சேற்று மணம் மூக்கில் ஏறியது. உன் அளவு எனக்கு ஒன்று குறைவு. நீ போய் ஆறு மாதமாகியும் என்னைக் கடிப்பதை விடவில்லை.

போன வருட ஆனியில், உங்கள் வாடகைத் தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் தட்டை வாலோடு ஒரு பீபர் வந்து குடியேறியது. பல்லாலேயே மரம் அறுத்து, குச்சியும் சேறுமாக அணை கட்டி, ஓடையைக் குளமாக்கிவிட்டது. உன் அப்பாவின் மூன்று பாத்தி தண்ணீருக்குள். "என்ர மிளகாய்க் கண்டுக்கு நீச்சல் பழக்குறாரோ?" என்று அவர் கத்த, நாங்கள் இருவரும் அவருக்குத் தெரியாமல் மண்வெட்டியோடு கிளம்பினோம். ஜெர்மன் சட்டப்படி பீபர் அணையில் கைவைக்கக் கூடாது. கூடாது என்றால்தானே எங்களுக்குக் கை அரிக்கும்.

மாலையில் உடைப்போம். விடிந்தால் அணை பழையபடி நிற்கும். மூன்று முறை இதே கதை. "நாள் குறிக்க டெர்மின் கேக்காமல் வேலைக்கு வாற ஒரே ஜெர்மன்காரன் இவர்தானடா" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பிறகு மழை நின்றது. ஆவணியில் மற்றத் தோட்டத்துக் கைப்பம்புகள் காற்றைத்தான் துப்பின. குளத்தை ஒட்டிய உங்கள் பம்பில் மட்டும் தண்ணீர். ஆனாலும் ஆனியில் தங்கள் பாத்திகளும் மூழ்கிய கோபத்தில், அணையை அகற்றக் கேட்டு தோட்டக்காரர் எல்லோரும் அன்ட்ராக் என்ற மனு எழுதினார்கள். ஞாயிற்றுக் கூட்டத்தில் முதல் கையெழுத்துக்குப் பேனையைத் திறந்தவர் உன் அப்பா.

"பொறுங்கோ அப்பா. அணை போனால் எங்கட தண்ணியும் போயிடும். குளம் நிக்கிறதாலதான் மண்ணுக்குள்ள இறங்குது."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் மூண்டு தரம் உடைச்சுப் பாத்தனான். உடைச்ச அடுத்த நாளெல்லாம் பம்பை இருபது தரம் அடிச்சாத்தான் தண்ணி வந்தது. குளம் திரும்ப நிரம்பினாப் பிறகு நாலே அடி."

நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். ஒருநாளும் ஓயாத என் வாய் அன்று திறக்கவில்லை. நீயும் என் பக்கம் திரும்பவில்லை. உன் அப்பா பேனையை மூடினார். தண்டனையாக, அந்த மாதம் முழுக்க அக்கம்பக்கத் தோட்டங்களுக்கு நீதான் வாளி சுமந்தாய். நான் வேலியில் சாய்ந்து பகிடி விட்டேன். நீ கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரியிலும் பகிடிதான் விட்டேனே தவிர, என் பெயரைச் சொல்லாததற்கு நன்றி சொல்லவில்லை.

இந்த ஆவணியும் காய்கிறது. அணை நிற்கிறது. நேற்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"அங்கிள், நானும்தான் உடைச்சனான்."

"ஓம், தெரியும். அந்தக் கட்டையளை அவன் தனிய இழுக்க ஏலாது." பிறகு பக்கத்துத் தோட்டத்தைக் காட்டினார். "அந்த மனுசிக்கு எட்டு வாளி வேணும்."

எட்டும் சுமந்தேன். நன்றியடா மச்சான். தோள் வலிக்கிறது, நாளைக்கும் போவேன்.