என் மகளின் பக்தி

1886 அக்டோபர் 4

வீட்டில் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மார்ச் மாதம் மணிக்கூண்டில் சிவப்புக் கொடி ஏற்றியதற்குப் போன வாரம் கிடைத்த பரிசு இது. மாலை மணி அடிக்கும் முன் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஒயின் கடைப் பக்கம் போகக்கூடாது. நாலு பேரோடு கூடிப் பேசக்கூடாது. மீறினால் ஃபோர்லி நகரத்துச் சிறை. ஏட்டு கபுவானோ தினமும் கதவைத் தட்டுகிறார்.

"இருக்கியாய்யா, ஒலிந்தோ?"

"இருக்கேன் ஏட்டையா."

என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் இந்தக் குறிப்பை எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. என் கையெழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அவருக்கு ஓய்வு வந்துவிடும்.

பகலில் பூட்ஸ் தைத்துவிட்டு இரவில் ஊர் ஊராகப் போய்ப் பேசியவன் நான். உழைப்பவர்களின் உலகம் எப்படி இருக்கும் என்று விளக்கியிருக்கிறேன். என் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. இன்று கேட்டேன்.

"புரட்சி வந்தா உப்பு தானா எந்திரிச்சு வரும், உக்காருங்க" என்றாள் என் மனைவி செலிந்தா. அவள் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள் என்பதையும் இன்றுதான் கவனித்தேன். எத்தனை வருஷமாக?

அக்டோபர் 6

பட்டு ஆலை விட்டு வெகுநேரம் கழித்துத்தான் என் மகள் லிபெரா வருகிறாள். நேற்றும் அப்படித்தான். முன்னேயும் இப்படித்தானா? எனக்கு எப்படித் தெரியும், அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லையே. "வேலை இருந்துச்சுப்பா" என்கிறாள். என்ன வேலை? பதினேழு வயது. பையன் யாராவது?

அக்டோபர் 9

அவள் பூட்ஸைத் தைக்க எடுத்தேன். ஒருவன் எப்படி நடக்கிறான், எங்கே நிற்கிறான் என்பதெல்லாம் அடித்தோலில் எழுதியிருக்கும், அதைப் படிப்பது என் பிழைப்பு. அடித்தோல் நன்றாகத்தான் இருக்கிறது. பூட்ஸின் முன் மூக்குதான் தேய்ந்துவிட்டது, இரண்டிலும் ஒரே மாதிரி. தரை துடைப்பவர்களுக்கு இப்படித் தேயும். இவள் ஆலையில் வெந்நீர்த் தொட்டி முன்னால் உட்கார்ந்து பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுப்பவள். இன்னொரு கூட்டத்துக்கும் இப்படித் தேயும் — மண்டியிடுகிறவர்களுக்கு.

என் மகள் மண்டியிடுகிறாள். யார் முன்னால்?

அக்டோபர் 10

கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அக்டோபர் 11

கேட்டுவிட்டேன்.

"கோயிலுக்குப் போறியா?"

"போறேன். அக்டோபர் முழுக்க சாயங்காலம் ஜெபமாலை. முதலாளியே அதுக்காக கால் மணி முன்னாடி விடறாரு."

முதலாளியே விடுகிறாராம்! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கத்தினேன். எழுதப் படிக்க நானே உக்காந்து சொல்லிக் குடுத்தேனே, எதுக்கு? சாமியார் கால்ல விழறதுக்கா? அவள் அழவில்லை.

"யாரும் யாரையும் இத நம்பு, அத நம்பாதேன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சொன்னது யாருப்பா? நீங்கதானே?"

ஆமாம், நான்தான். பொலோஞ்ஞாவில் மேசை மேல் ஏறி நின்று சொன்னேன், கைதட்டினார்கள். சுதந்திரமானவள் என்று அர்த்தம் வரத்தான் இவளுக்கு லிபெரா என்று பெயர் வைத்தேன். இப்போது அவள் பூட்ஸை முகர்ந்து பார்த்து வேவு பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது. கோபமும் போகவில்லை. செலிந்தா களிச்சட்டியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அக்டோபர் 13

சவரக்கடை காஸ்பரோ பட்டறைக்கு வந்தான். என்னோடு இரண்டு முறை சிறைக்கு வந்தவன், கிண்டல் செய்ய அவனுக்கு உரிமை உண்டு.

"என்ன தோழரே, பொண்ணு கன்னியாஸ்திரீ ஆகுதாமே? மடத்துக்கு மொத்தமா பூட்ஸ் தெச்சுக் குடு, பிழைச்சுக்குவே."

சிரித்து மழுப்பினேன். போகும்போது அவன் சொன்னதுதான் குடைகிறது: ஆலைப் பெண்கள் எல்லாருமே போகிறார்களாம், பங்குச் சாமியாருக்கு ஒரே குஷியாம். போன வருஷம் நாலு கிழவிகளைத் தவிர யாரும் போகவில்லையே. திடீரென்று எல்லாருக்கும் நரக பயம் வந்துவிட்டதா? அங்கே அப்படி என்னதான் கிடைக்கிறது?

அக்டோபர் 18

ஆலைப் புகைபோக்கியில் புகை இல்லை!

பெண்கள் எல்லாரும் வாசலில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் வேலையைக் குறை, கொதிநீரில் கை வெந்து தோல் உரிந்தவளுக்கு ஆறும்வரை வேறு வேலை கொடு என்கிறார்கள். காஸ்பரோ மூச்சிரைக்க ஓடி வந்தான். "யாரு ஏற்பாடு பண்ணது? நம்ம கமிட்டிக்கே தெரியாதே!" நாங்கள் ஆண்கள் இதே ஆலையில் வேலைநிறுத்தம் நடத்தப் பார்த்துத் தோற்றவர்கள். ஒயின் கடையில் நான் பேசி முடிப்பதற்குள் விஷயம் ஏட்டு காதுக்குப் போயிருக்கும்.

அவன் போன பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஊரில் எங்கே நாலு பேர் கூடினாலும் கலைப்பார்கள். ஜெபமாலையை எந்தப் போலீஸ்காரன் கலைப்பான்?

"இப்பதான் தெரியுதா?" என்றாள் செலிந்தா.

"உனக்கு முன்னாடியே தெரியுமா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரிஞ்சா பட்டறைக்குத் தெரியும். பட்டறைக்குத் தெரிஞ்சா ஏட்டுக்குத் தெரியும்."

வலித்தது. உண்மை என்பதால் அதிகமாகவே வலித்தது. ஆனால் ஆவலை அடக்க முடியவில்லை. லிபெரா வந்ததும் பிடித்துக்கொண்டேன், எப்படி, எப்படி என்று.

"முன் பெஞ்சுல கிழவிங்க சத்தமா ஜெபம் சொல்லுவாங்க. நாங்க பின்னாடி அதே ராகத்துல பேசிக்குவோம்."

"சாமியாருக்குக் கேக்காதா?"

"அவருக்குக் காது மந்தம்ப்பா. கூட்டம் வந்தாப் போதும்."

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு ஒரு ஆசையில் கேட்டேன்: "அப்ப நீ ஜெபமே பண்றதில்ல, இல்லையா?"

என்னை நேராகப் பார்த்தாள். "சில நாள் பண்றேன்."

குனிந்து அவள் பூட்ஸின் மூக்கை மறுபடி பார்த்தேன்.

அக்டோபர் 20

ஏட்டு இன்று பகலிலேயே வந்தார், ஃபோர்லியிலிருந்து ஒரு அதிகாரியோடு. பட்டறையில் காஸ்பரோவும் இன்னும் இரண்டு தோழர்களும் தைக்கக் கொடுத்த பூட்ஸுக்காகக் காத்திருந்தார்கள். வேலைநிறுத்தத்தைத் தூண்டிவிட்டது நான் என்று சொல்லப் போலீஸுக்கு வழியில்லை, தினமும் மாலையில் என்னை வீட்டில் பார்த்தது ஏட்டுதான். அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"உன் பொண்ணு? அவ சாயங்காலத்துல எங்க போறா?"

அந்தச் சிறையை நான் அறிவேன். அவளை அங்கே கொண்டுபோனால்... எழுந்து நின்று சொன்னேன்:

"கோயிலுக்குங்க. பக்தி முத்திப்போச்சு. திட்டிப் பாத்தேன், அடங்கல. ஆண்டவர் அவள ஊழியத்துக்குக் கூப்பிட்டுட்டாருங்க."

நான் சொன்னேன். ஒலிந்தோ! ஏட்டு சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

"அப்ப ஞாயித்துக்கிழமை நீயும் கூட வரலாமே?"

"வரேங்க."

காஸ்பரோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஓடிப்போய் உண்மையைச் சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 24, ஞாயிறு

போனேன். சதுக்கத்தில் நின்ற தோழர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் காறித் துப்பினான். உள்ளே குளிர்ச்சி, மெழுகு வாசனை. எப்போது நிற்பது, எப்போது உட்காருவது, எதுவும் தெரியவில்லை. "முட்டி போடுங்கப்பா, ஏட்டு பாக்கறாரு" என்று ஜெப ராகத்திலேயே சொன்னாள் லிபெரா. போட்டேன். பக்கத்தில் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபமா, பேச்சா? காதைத் தீட்டிக் கேட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்டோபர் 27

புகைபோக்கி புகைகிறது. அரை மணி நேரம் குறைத்திருக்கிறார்கள். கை விஷயத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. யாரையும் கைது செய்யவில்லை. யாரையும்! நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 29

காஸ்பரோ தன் பூட்ஸை வேறு இடத்தில் தைக்கக் கொடுத்திருக்கிறான்.

நவம்பர் 3

நேற்று சாப்பிடும்போது லிபெரா ஆரம்பித்தாள். "நவம்பர் முழுக்க செத்தவங்களுக்காக ஜெபம் உண்டு. இன்னும் அரை மணி பாக்கி, கை விஷயம் பாக்கி. நீங்களும் வாங்கப்பா. ஏட்டுகிட்ட அனுமதி கேளுங்க, சந்தோஷமா குடுப்பாரு."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நான் என்ன பேசணும்?"

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க பேச வேண்டாம்ப்பா. குளிர் வந்தா கிழவிங்க குரல் கம்மிப் போயிடும். நீங்க கிழவிங்களோட முன் பெஞ்சுல உக்காந்து சத்தமா ஜெபம் சொல்லணும். பேசறத நாங்க பாத்துக்குறோம்."

ஏட்டு அனுமதி கொடுத்துவிட்டார், கண்ணில் நீரோடு. செலிந்தா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே எனக்கு ஜெபம் சொல்லித் தருகிறாள். பாதியில் மறந்துபோகிறது. கரண்டியால் மேசையைத் தட்டி, "மறுபடி முதல்லேருந்து" என்கிறாள். "இன்னும் சத்தமா."