தம்பியின் இரத்தத்தில் தேடிய அடையாளம்

அக்கரப்பத்தனை

அன்பு மகள் தனுஜாவுக்கு,

அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறோம், கடல் தாண்டிய ஊரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி கிஷாந்துக்கு இரத்தப் புற்றுநோய் என்றுதானே உனக்குத் தெரியும், கண்டி ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு உள்ளே இருக்கும் மச்சையை எடுத்தார்கள். டொக்டர் ஷிராணி நம்மைப் போலத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், பொறுமையாக விளங்கப்படுத்தினார். வெள்ளை அணுக்கள் எலும்புக்குள்ளே பிறந்து வளருமாம், வளர வளர அவற்றின் மேற்புறத்து அடையாளங்கள் மாறுமாம், குழந்தைப் பருவத்து அடையாளம் உதிர்ந்து முதிர்ந்தால்தான் நோயோடு சண்டை போடுமாம். தம்பிக்குள் இருந்தவை வளரவே இல்லை, சிடி முப்பத்திநாலு என்ற சின்னவயது அடையாளத்தோடேயே பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. கூடவே சிடி பத்தொன்பது என்ற இன்னொரு அடையாளமும் இருந்ததால் எந்த வகை நோய், எந்த மருந்து என்று கண்டுகொண்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு மனசில் ஒரே மயக்கம்தான். மலையில் கொழுந்து எடுக்கும்போது பனிமூட்டம் இறங்கினால், அதற்குள் வளராத பிள்ளைகள் வழி தெரியாமல் அலைவதுபோல் தெரியும். அந்த அணுக்கள்மேல் கோபம்கூட வரவில்லை புள்ள, அவையும் அவனுக்குள் பிறந்தவைதானே.

மருந்து ஏறியதும் தம்பிக்கு வாயெல்லாம் புண், இனி ஊசி வேண்டாம், வீட்டுக்குப் போவோம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். அப்பா அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு ஊசிக்கு இருப்போம்டா, நானும் இருக்கேன்" என்றார். அப்படியே ஒவ்வொன்றாக இருந்தான்.

முதல் சுற்று முடிந்து திரும்பவும் மச்சை எடுத்து அதே அடையாளங்களைத் தேடினார்கள். ஷிராணி வந்து, "எவ்வளவு தேடியும் கெடைக்கலம்மா" என்றார். இனி வழியில்லை என்கிறார் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கெட்ட அணுக்கள் கிடைக்காததுதான் நல்ல செய்தி என்று அவர் கையைப் பிடித்துச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. முழுக்கக் குணம் என்று இப்போதே சொல்ல முடியாதாம், வருடக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டும், இடையிடையே தேடிப் பார்ப்பார்களாம்.

நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாய், அவசரப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு. சாமி உன்னைக் கைவிடாது, நல்லா இருப்பாய். தம்பியிடம் கேட்டதற்கு, "அக்கா இப்ப வந்தா அழுவா, தலமயிரு மொளச்சப்புறம் வரச் சொல்லுங்க" என்றான். இன்று காலை தடவிப் பார்த்தேன், முளைக்கத் தொடங்கியிருக்கிறது. லீவுக்குச் சொல்லி வை.

உன் அம்மா,
தங்கேஸ்வரி